ரயில் வராத நேரத்தில் நீ கேட்ட ரயில்

முருகேசா,

இன்று செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்று இருபதுக்கு பொம்மிடி ஸ்டேஷனுக்கு வந்த தந்தியின்படி, உன் மகள் செல்வி தர்மபுரி ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறாள். தந்தியை அனுப்பியவன் நீ. இங்கிலீஷில் வந்ததை ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு முறை படித்துத் தமிழில் சொன்னார். உன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்தாள். முதலில் வாயால் சொன்னாள், பிறகுதான் காகிதத்தை என் கையில் கொடுத்தாள். "நேற்று மத்தியானம் முதல் பாப்பாவுக்கு உடம்பு சரியில்லை. தர்மபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மூச்சு வேகமாக ஓடுகிறது. மழை கேட்கிறது என்கிறாள். இங்கே மழை இல்லை. பூசாரியை உடனே அனுப்பவும்." உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்குப் பிறகு நான் எழுதுவதில் சில என் கண்ணால் பார்த்தவை, சில ஊகம். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பூசாரியை அனுப்பவில்லை. பதினொன்று ஐம்பதுக்குப் பதில் தந்தி கொடுத்தேன். "பாப்பா வலித் தைலம் குடித்திருக்கலாம். டாக்டரிடம் சொல். ஆஸ்பத்திரியை விட்டு நகராதே. பூசாரி வேண்டாம்." அது தர்மபுரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஸ்டேஷன் மாஸ்டர் சொல்கிறார். உன் கைக்கு வந்ததா, வந்திருந்தாலும் நீ நம்பினாயா என்பது தெரியாது. நம்பாமல் இருக்க உனக்குக் காரணம் உண்டு. உன் உயிரைக் காப்பாற்றியவர் அந்தப் பூசாரி என்று பத்தொன்பது வருஷமாக உனக்குச் சொல்லி வளர்த்தவன் நான். அதைப் பத்திரிகையில் அச்சிலும் போட்டவன் நான். நாலு வரித் தந்தியால் அதை அழிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம். மூன்று பத்து பாசஞ்சரில் உன் அம்மா மொரப்பூர் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறாள். பொழுது சாய்வதற்குள் உன்னிடம் இருப்பாள். யுத்தத்தின்போது பிடுங்கிப் போட்ட சின்ன ரயில் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பாள். நான் வர முடியாது. கிணற்றுப் படியில் சறுக்கி மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கால், இன்னும் மூன்று வாரம் தரையில் ஊன்றக் கூடாது. இப்போது மணி பன்னிரண்டரை. எனக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

நீ கேட்டு வளர்ந்த கதையை முதலில் எழுதிவிடுகிறேன், எங்கே உண்மை நின்று எங்கே பொய் தொடங்குகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். உனக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய நாள். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சாரியில் இதே வீட்டில்தான் இருந்தோம். மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு நீ வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டு, "ரயிலு வருது" என்றாய். நான் உள்ளே பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ரயில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கடிகாரம் வேண்டாம், ரயில்களே போதும். ஆனாலும் எழுந்து வந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கைகாட்டி, ரயில் இல்லை என்று, தூக்கியபடி இருந்தது. தண்டவாளத்தின் மேல் கானல் மட்டும் ஓடியது. "எங்கடா ரயிலு?" என்றேன். "உள்ளாற" என்று சொல்லி, உன் காதைத் தொட்டுக் காட்டினாய்.

பிறகு உனக்கு மூச்சு மாறியது. குழந்தைகளுக்குச் சளி கட்டினால் வரும் இழுப்பு மாதிரி இல்லை அது. வெகுதூரம் ஓடிவந்து நின்றவன் மூச்சு. நீ அசையாமல் படுத்திருந்தாய், உன் நெஞ்சு மட்டும் ஓடியது. உடம்பெல்லாம் வியர்த்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். கண்ணைத் திறந்தபடியே எங்களைப் பார்க்காமல் எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்தாய். "ரயிலு வருது, ரயிலு வருது" என்பதை நிறுத்தவே இல்லை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். அடுத்த வீட்டு மங்கம்மாதான், பாயிண்ட்ஸ்மேன் சம்சாரம், முதலில் அந்தப் பேரைச் சொன்னாள்.

"அக்கா, இது அந்தக் கேங்மேனு மூச்சுக்கா. ஓடி ஓடித்தான செத்தான் அவன்?"

தை மாதத்தில் பாலத்தின் மேல் எஞ்சினுக்கு முன்னால் ஓடி, தாண்ட முடியாமல் அடிபட்டுச் செத்துப்போன, தண்டவாள வேலை பார்த்த ஒரு கேங்மேனைச் சொன்னாள். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதியிருந்தேன். அதுவரை நான் இந்த மாதிரிப் பேச்சுக்குக் காது கொடுத்தவன் இல்லை. ஆனால் அப்போது ஒன்று நடந்தது. நீ முதலில் சொன்னதிலிருந்து இருபது நிமிஷம் கழித்து, அட்டவணையில் இல்லாத கூட்ஸ் ஒன்று சேலம் பக்கமிருந்து வந்து, நிற்காமல் போனது. வீடு அதிர்ந்தது. கூடியிருந்தவர்கள் உன்னை விட்டு ஓரடி பின்வாங்கினார்கள். ரயில் போய் முடிந்து சத்தம் அடங்கிய பிறகும் நீ, "ரயிலு வருது" என்றாய்.

இதுவரை எழுதிய அத்தனையும் நான் நேரில் கண்டது. என் குறிப்புப் புத்தகத்தில் மணியோடு இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து இப்போது மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மகன் மூச்சுத் திணறும்போது மணி பார்த்துக் குறித்தவன் என்று நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. அது பழக்கம். இன்று அது உதவுகிறது.

மலையடிவாரத்தில் இருந்த பூசாரிக்கு ஆள் போனது. அவர் வர ஒரு மணி நேரமாவது ஆகும். நாலே காலுக்கு சேலம் பாசஞ்சர். அது இங்கே நாலு நிமிஷம் நிற்கும், என் செய்தி உறை அதன் தபால் பெட்டியில்தான் போக வேண்டும். அதை விட்டால் அந்த வாரப் பத்திரிகைக்குச் சேராது. எனக்கு அப்போது மாதத்தில் இரண்டு செய்தி அச்சாவதே பெரிய காரியம். பயிர் நிலவரம், சந்தை நிலவரம், கிணற்றில் விழுந்த மாடு. உன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே எழுதினேன், முருகேசா. கேங்மேனை எழுதினேன், மூச்சை எழுதினேன், வராத ரயிலை நீ கேட்டதை எழுதினேன், பிறகு ரயில் வந்ததையும் எழுதினேன். ஒரு பொய் இல்லை. கடைசியில் முடிவு வேண்டியிருந்தது. பூசாரி இன்னும் வரவில்லை. வந்தால் என்ன செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். எழுதினேன்: "பூசாரி திருநீறு இட்டு மந்திரித்த உடனே குழந்தை கண் விழித்து, தாயை அழைத்துத் தண்ணீர் கேட்டது." உறையை ஒட்டினேன். போர்ட்டரிடம் கொடுத்து அனுப்பினேன். நடக்கும் என்று நினைத்ததை நடந்ததாக எழுதினேன். ஒரு வரிதான்.

நடந்தது வேறு. நாலு மணிக்குப் பூசாரி வந்தார். நல்ல உயரம், அதிகம் பேசாதவர். திருநீற்றுப் பையை எடுக்கவே இல்லை. உன் பக்கத்தில் குனிந்து, உன் வாயருகே மூக்கை வைத்து மோந்தார். நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, வூட்டுல காலுக்குத் தேய்க்கிற தைலம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"கொழந்த வாயில அதான் அடிக்குது. காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. என்னக் கூப்புட்டு நேரத்தப் போக்கிட்டீங்க. அதா வண்டி வருது பாருங்க, தூக்கிக்கிட்டு சேலத்துக்கு ஓடுங்க."

மங்கம்மா விடவில்லை. "நீங்க ஒரு பொட்டுத் துண்ணூறாவது போடுங்க சாமி, பயமா இருக்குது." அவர் எரிந்து விழுந்தார். "துண்ணூறு போட்டா வயித்துல இருக்கற தைலம் வெளிய வருமா? வழிய வுடு ஆயா." ஆயா என்றதும் அவளுக்குக் கோபம் வந்தது, அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அந்த நேரத்திலும் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதுதான் எனக்கும் அந்த வாசனை தெரிந்தது. இத்தனை நேரமும் வீடு முழுக்க இருந்திருக்கிறது. இனிப்பு வெற்றிலை மென்றவன் பேசினால் வருமே, அந்த மாதிரி. உன் மூச்சிலும் வியர்வையிலும் அதுவே. பேயைத் தேடிக்கொண்டிருந்ததால் மூக்கு வேலை செய்யவில்லை.

அதே பாசஞ்சரில் ஏறினோம். முன்னால் தபால் பெட்டியில் நீ கண் விழித்துத் தண்ணீர் கேட்ட செய்தி போனது. பின்னால் மூன்றாம் வகுப்பில், நினைவு தெளியாத நீ என் மடியில் போனாய். சேலம் வரும்வரை நீ ரயிலுக்குள்ளேயே படுத்துக்கொண்டு ரயில் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். ஸ்டேஷனில் இறங்கியபோது உறையைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நினைவு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைவு வந்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது என்பது உண்மை. ஆனால் மறுநாள் பத்திரிகை ஆபீசுக்குப் போய் வாங்கியிருக்கலாம், அதற்கு மறுநாளும் வாங்கியிருக்கலாம். சேலத்து டாக்டர் உன் வயிற்றில் குழாய் விட்டு, சோடா உப்புத் தண்ணீரால் கழுவினார். இரண்டு நாள் கழித்துத்தான் உன் மூச்சு நடைக்கு வந்தது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "பெரியவர்களுக்கு முழங்காலில் தேய்க்கத்தான் இது மருந்து. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து. காதில் இரைச்சல் கேட்கும். மூச்சு ஓடும். தெரியாதவர்களுக்கு வேறு எதுவோ போலத் தோன்றும்."

எப்படி உன் வாய்க்குப் போனது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ரயிலில் விற்க வருபவனிடம் உன் அம்மா அந்தத் தைலத்தை ஒரு பாட்டில் வாங்கியிருந்தாள். அன்று மங்கம்மா தனக்குக் கொஞ்சம் கேட்டாள். உன் அம்மா சின்னச் சீசாவில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். மங்கம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம். "எண்ணெயக் கையில குடுத்தா நாளைக்கே உங்களுக்கும் எனக்கும் சண்ட வந்துரும்க்கா. கீழ வெய்யிங்க, எடுத்துக்கறேன்." எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்று உனக்குத் தெரியும். எண்ணெயையும் உப்பையும் யாரும் கைக்குக் கை கொடுப்பதில்லை. உன் அம்மா வாசற்படியில் வைத்தாள். மங்கம்மா குனிவதற்குள் ஸ்டேஷன் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்று சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீசா படியில் நின்றது. நீயும் படியில் இருந்தாய். இருவரும் திரும்பி வந்தபோது சீசா நின்றபடியே இருந்தது, முக்கால்வாசி காலி. அக்கா கஞ்சத்தனமாக ஊற்றியிருக்கிறாள் என்று மங்கம்மா நினைத்தாள். தனக்கு வேண்டியதை அவள் ஊற்றிக்கொண்டு சீசாவை விட்டுவிட்டாள் என்று உன் அம்மா நினைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் சண்டை வரும்.

இதை எழுதும்போது உன் அம்மா பையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். "எங்க வரைக்கும் எழுதியிருக்கறீங்க?" என்றாள். சொன்னேன். பை முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "நாந்தான் கீழ வெச்சேன்னு தெளிவா எழுதுங்க. அவன் அம்மா வெச்சதுன்னு தெரிஞ்சா, மருமவளத் திட்ட மாட்டான்." எழுதிவிட்டேன். நீ கோகிலாவைத் திட்டாதே.

நான் திட்டு வாங்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. நாங்கள் சேலத்திலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது பத்திரிகை வந்துவிட்டிருந்தது. "ஓடும் ஆவி" என்று தலைப்பு. சவரக் கடையில் படித்தார்கள், சந்தையில் படித்தார்கள். மாரண்டஹள்ளியிலிருந்தெல்லாம் உன்னைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆசிரியர் கைப்பட எழுதினார், இந்த மாதிரி செய்தி இருந்தால் பக்கம் ஒதுக்குகிறேன் என்று. திருத்தம் எழுதி இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தேன். பிறகு மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். பூசாரி என்னைத் தேடி வந்தார். நிழலில்கூட நிற்கவில்லை. "எந்திருச்சுத் தண்ணி கேட்டான்னு எம் பேரப் போட்டு எழுதியிருக்கறீங்களாம். நான் டாக்டர்கிட்ட போங்கன்னுதான சொன்னேன்? இனி எவனாவது இந்தமாரி கொழந்தயத் தூக்கியாந்தா நான் என்ன பண்ணட்டும்?" மறுப்புப் போடுகிறேன் என்று சொன்னேன். அவர் நம்பிவிட்டுப் போனார்.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் பகலில், சித்தேரி மலைக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். பெயர் வெள்ளையன். சாமை விளைவித்து, தேன் எடுத்து விற்பவர். கையில் ஒரு கலயம் தேன், இடுப்பில் மடித்துச் செருகிய பத்திரிகை. அவருக்குப் படிக்கத் தெரியாது, சந்தையில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். "சாமி, எம் பொண்ணு பேரயும் காயிதத்துல போடோணுங்க" என்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். இரண்டரை வயதுப் பெண்ணாம். ஓடுகிற மூச்சு வந்ததாம். காயிதத்தில் போட்ட அதே பூசாரியிடம் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனாராம். "அவரு டாக்டருகிட்ட போ, டாக்டருகிட்ட போன்னு தொரத்துனாருங்க. எங்களுக்குத் தெரியாதுங்களா? மலையாளுங்கன்னு எளக்காரம். நாங்க நவுரல. ஒரு பகலு பூரா அவரு வாசல்ல உக்காந்திருந்தோம். அவரு கால்ல வுழுந்து கும்புட்டாரு, போங்கன்னு. சாமியே கும்புடறாருன்னா பெரிய பேயின்னு நெனச்சோம். வெயிலு எறங்கறப்ப புள்ள உசுரு போயிருச்சுங்க."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "கொழந்த ஏதாச்சும் சத்தம் கேக்குதுன்னு சொல்லுச்சா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஆமாங்க. தேனு வருது, தேனு வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சுங்க. கூட்டக் கலைச்சா இரையுமே, அந்தமாரி. உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

அவர் தோளில் ஒரு துண்டு இருந்தது. அந்தக் குழந்தையைச் சுற்றியிருந்த துண்டு என்று நினைக்கிறேன், இது ஊகம். அவர் திரும்பியபோது அதிலிருந்து வந்த வாசனை ஊகம் இல்லை. இனிப்பு வெற்றிலை வாசனை. வீட்டில் தைலம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அதை அவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும். பேய் கொண்டுபோனது என்று அவர் மனத்தை ஆற்றிக்கொண்டிருக்கிறார், அதைக் கலைப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயரைக் குறித்துக்கொண்டேன். சின்னப்பொண்ணு. அச்சில் போடவில்லை. தேனை வாங்கிக்கொண்டேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் கலயம் நம் வீட்டில் இரண்டு வருஷம் இருந்தது. நீ அதைத் தொட்டுத் தொட்டுத்தான் களி தின்றாய்.

இந்த வீட்டில் அதன்பிறகு தைலம் உயரத்தில்தான் இருந்தது, பரண்மேல், கூடைக்குள். ஏன் என்று நீ ஒரு முறை கேட்டாய். எலி உருட்டும் என்று சொன்னேன்.

போன மாதம் நீ வாத்தியாராக இருக்கும் ஏரியூருக்கு வந்தேன் அல்லவா. உன் மாமனாருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய், இரண்டு அவுன்ஸ் பாட்டில் ஒன்று கொண்டுவந்தேன், அதே தைலம். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது உன் மாமனார் உன்னைக் காட்டி வந்தவர்களிடம் ரயில் கதையைச் சொன்னார். "பேயே வேண்டாம்னு வுட்டுட்டுப் போன மாப்பிள்ளைங்க எங்க வாத்தியாரு, ஆயுசு கெட்டி." நீயும் சிரித்துக்கொண்டே ரயில் மாதிரி ஊதிக் காட்டினாய். செல்வி உன் மடியில் குதித்தாள். அதன்பிறகு நான் பாட்டிலை எடுத்துக் கோகிலாவிடம் நீட்டினேன். "அய்யோ, கையில வேண்டாங்க மாமா, சண்ட வந்துரும். கீழ வெய்யிங்க" என்றாள். நான் கீழே வைத்தேன். பாப்பா அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்தேன். மேலே வை, குழந்தை கைக்கு எட்டாமல் வை என்ற பேச்சு என் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், இப்போதுதான் கை தட்டிக் கேட்ட கதை அவர்கள் எதிரில் உடையும். வெற்றிலையைப் போட்டுக்கொண்டேன்.

இன்று உன் தந்தியில் "மழை கேட்கிறது" என்பதைப் படித்ததும் இந்தக் குறிப்புப் புத்தகத்தைத்தான் எடுக்கச் சொன்னேன். நீ ஸ்டேஷன் எதிரில் வளர்ந்தவன், உன் காதில் கேட்ட இரைச்சலுக்கு ரயில் என்று பேர் வைத்தாய். மலையில் பிறந்த பெண் தேனீ என்றாள். ரயிலையே பார்த்திராத உன் மகள் தகரக் கூரைக்குக் கீழே வளர்கிறாள், அவளுக்கு அது மழை. மூன்று குழந்தைகள், மூன்று ஊர், மூன்று சத்தம். வெளியே யாருக்கும் கேட்காத சத்தம். இந்நேரம் அங்கே யாராவது மழை வெள்ளத்தில் ஆற்றோடு போய்ச் செத்தவர்கள் பேரைச் சொல்லத் தொடங்கியிருப்பார்கள், அதுவும் என் ஊகம்தான். அவர்கள்மேல் கோபப்படாதே. அந்த மூச்சைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பத்தொன்பது வருஷமாக உண்மை தெரிந்த எனக்கே, இன்று கைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கேங்மேன் நினைவுதான் முதலில் வந்தது.

பாப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்காதே. யார் கூப்பிட்டாலும், உன் மாமனார் காலில் விழுந்தாலும் தூக்காதே. அவள் வாயருகே உன் மூக்கை வைத்துப் பார். பூசாரி உனக்குச் செய்தது அது ஒன்றைத்தான், அதை நீயே செய்யலாம். வாசனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் தைலத்தின் பேரைச் சொல். ஏரியூருக்கு ஆளனுப்பி அந்தப் பாட்டிலைக் கொண்டுவரச் சொல். நான் கொடுத்தபோது கழுத்து வரைக்கும் இருந்தது. உன் மாமனார் எவ்வளவு தேய்த்தார் என்று கேட்டுக்கொண்டு, மிச்சம் எவ்வளவு என்று டாக்டர் கண்ணால் பார்க்கட்டும். பாட்டிலை வாங்கும்போது கையில் வாங்கு. சண்டை வந்தால் வரட்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சண்டை வரக்கூடாது என்று கீழே வைத்தோம், பிறகு மங்கம்மாவும் உன் அம்மாவும் ஆறு வருஷம் பேசாமல்தான் இருந்தார்கள்.

இந்தக் கடிதத்தின் இன்னொரு படியை ஆசிரியருக்கு அனுப்புகிறேன். பழைய ஆசிரியர் இல்லை, அவர் மகன். உனக்கு எழுதியதை ஊரே படிக்கட்டும். தைலச் சீசாவைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது போக வேண்டும். சின்னப்பொண்ணு பேர் இதில் இருக்கிறது. அவள் அப்பா கேட்டபடி அச்சில் வரும், அவர் கேட்ட காரணத்துக்காக இல்லை. அவர் யுத்த காலத்திலேயே இறந்துவிட்டதாக சந்தையில் சொன்னார்கள், உறுதி செய்யவில்லை. பூசாரி இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது. காலையில் உன் தந்தி வந்ததும் அவருக்கு ஆளனுப்பி விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணிக்குப் பதில் வந்தது: "என்னக் கூப்புட வேண்டாம்னு இப்பவாச்சும் எழுதச் சொல்லு."

கைகாட்டி இறங்கிவிட்டது. உன் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, "போதும், குடுங்க" என்கிறாள். கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

தெரிய வேண்டியவை இவை. பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்பது, ஆள் ஏரியூர் போய்த் திரும்பினால் இன்று இரவுக்குள் உனக்குத் தெரியும். பாப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது, மழை நின்றதா என்பதை நாளை காலை தர்மபுரி தந்தி ஆபீஸ் திறந்ததும் எனக்கு அனுப்பு. எட்டு மணியிலிருந்து இங்கே ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையருகே நம் ஆள் உட்கார்ந்திருப்பான். ஆசிரியருக்கு அனுப்பும் படிதான் என் திருத்தம், வெள்ளிக்கிழமை இதழில் வரும், எழுதி முடித்துவிட்டேன். அதில் பாப்பாவைப் பற்றிய கடைசி வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அந்த வரி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், கை துடிக்கிறது. உன் தந்தி வரும்வரை எழுத மாட்டேன்.

அப்பா